ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு ஹார்மோன் மாத்திரை எதற்கு?

மாதவிடாய் நின்றுவிட்டது. உடம்பு குப்பென்று காந்துவதில்லை, ராத்திரி வேர்த்து விழிப்புத் தட்டுவதில்லை, மனசும் தெளிவாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்டவர் எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா? கோபிசெட்டிபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி இப்போதெல்லாம் என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. நான் மருந்தாளுநர்தான், சீட்டு எழுதுவது டாக்டர் வேலை. ஆனாலும் படித்ததையும் பார்த்ததையும் வைத்து எனக்கு ஒரு முடிவு உண்டு. 45 வயதுக்கு மேல் தானாக நின்றவருக்கு, வேறு காரணம் இல்லையென்றால், வேண்டாம். அதற்கு முன்பே நின்றவருக்கும், ஆபரேஷனில் இரண்டு சினைப்பையையும் எடுத்தவருக்கும் தொந்தரவு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வேண்டும். எந்த வயதில் நின்றது என்பதுதான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது.

கேட்டு வருபவர்களில் ஒரு சாரார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்கள். "எம்பட புள்ள நியூஜெர்சில இருக்குறாளுங்க. அங்க எல்லாரும் போடுறாங்களாமா, எலும்பு தேயாது, ஹார்ட்டுக்கு நல்லது, நீயும் போடும்மான்னு தெனமும் போன்ல சொல்றாளுங்க. எனக்குத்தான் ஒண்ணுமே இல்லீங்களே, அப்புறம் எதுக்குங்க?" என்று கேட்டார் பெருந்துறைப் பக்கத்து அக்கா ஒருவர். வயது 52, நின்று மூன்று வருடம். மகளும் காரணமில்லாமல் சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்த மருந்துகளின் தாளில் 2003 முதல் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டுவந்த கடும் எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுப்பதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 நவம்பரில் அறிவித்தது. அதன் பிறகு பேச்சு சூடு பிடித்திருக்கிறது.

இன்னொரு சாரார், எலும்பு முகாமுக்குப் போய் வந்தவர்கள். கிளினிக் வாசலில் ஒரு சின்ன மெஷினில் குதிகாலை வைக்கச் சொல்லி, "உங்களுக்கு எலும்பு வீக்" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டோடு நேராகக் கடைக்கு வந்து, "ஹார்மோன் மாத்தர ஒரு அட்டை குடுங்க" என்பார்கள். குதிகால் அல்ட்ராசவுண்ட் ஒரு முதல் வடிகட்டல், அவ்வளவே. மருந்து ஆரம்பிப்பதா என்று முடிவெடுக்க இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை என்பது அடிப்படையில், சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பது. கர்ப்பப்பை இருப்பவருக்கு அதோடு புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத்தான் தர வேண்டும். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். கர்ப்பப்பையை எடுத்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மாரியம்மன் நோம்பிக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் நாரெத்திஸ்டெரோன் மாத்திரை சில நாளைக்கு மட்டும் போடுவது, அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, அது இந்தச் சிகிச்சை ஆகாது. "அதுதான் நான் போட்டிருக்கேனே, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொந்தரவு இல்லாதவருக்கும் தடுப்பு மருந்தாக இதைக் கொடுக்கும் யோசனை புதிது அல்ல. 1990களில் அமெரிக்காவில் அப்படித்தான் எழுதித் தள்ளினார்கள். மாத்திரை எடுத்த நர்ஸ்களைப் பல வருடம் கவனித்ததில் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. ஆனால் மாத்திரை எடுப்பவர் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவராகவும் டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவராகவும் இருப்பார். பலன் மாத்திரையால் வந்ததா, மற்ற பழக்கத்தால் வந்ததா?

அதைப் பிரித்துப் பார்க்க நடந்ததுதான் வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை. குலுக்கல் முறையில் சுமார் பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோனும் சேர்ந்த நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். 10,000 பெண்கள் ஒரு வருடம் இந்தக் கூட்டு மாத்திரையை எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கு வந்தது: மாரடைப்பு போன்ற இதயப் பிரச்சினை 7 பேருக்குக் கூடுதல், பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடுதல். எதிர்ப்பக்கத்தில் இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவும் 2004இல் நின்றது. அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, ஆனால் பக்கவாதம் 10,000க்கு 12 கூடியது, இடுப்பு முறிவு 6 குறைந்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்து, உடம்பு காந்தித் தூக்கமில்லாமல் தவித்த பெண்களும் மருந்தை விட்டார்கள். அது அநியாயம் என்று இப்போது எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். தவிப்பவருக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது, அதன் முன்னால் 10,000க்கு எட்டு என்பது சின்ன ஆபத்து. ஆனால் நம் கேள்வி வேறு. தொந்தரவே இல்லாதவருக்குத் தராசின் அந்தத் தட்டில் வைக்க நிம்மதி என்று எதுவும் இல்லை. வரப்போகும் நோயைத் தடுத்தால்தான் லாபம். அந்த ஆய்வு சோதித்ததும் அதைத்தான். அதனால் மற்றவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தாவிட்டாலும் நமக்குப் பொருந்துகிறது.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்தவருக்குக் கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்லலாமா, நின்ற உடனே ஆரம்பித்தால் பலன் வேறாக இருக்காதா என்கிறார்கள். 2016இல் வந்த எலைட் என்ற ஆய்வு இதற்குக் கொஞ்சம் வலு சேர்த்தது. நின்று ஆறு வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது மெதுவாகியது, பத்து வருடம் கழித்து ஆரம்பித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆனால் கீப்ஸ் என்ற இன்னொரு ஆய்வு, அண்மையில் நின்ற 727 பெண்களை நான்கு வருடம் பார்த்துவிட்டு, அதே ரத்தக்குழாய்ச் சுவரில் வித்தியாசம் இல்லை என்றது. சுவர் தடிப்பது வேறு, மாரடைப்பு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சீக்கிரம் ஆரம்பித்தால் ஆபத்து குறைவு என்பதை நம்பலாம். இதயத்தைக் காக்கும் என்று சொல்ல அது போதாது.

மார்பகப் புற்றுநோய்க் கணக்கையும் நீண்ட காலத்துக்குப் பார்க்க வேண்டும். 2019இல் லான்செட் இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு இது: 50 வயதில் ஆரம்பித்து ஐந்து வருடம் தினமும் கூட்டு ஹார்மோன் எடுத்தால், அடுத்த இருபது வருடத்தில் 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர். இது மேலை நாட்டுப் பெண்களின் கணக்கு. நம் ஊரில் அந்த நோயே அங்குள்ள அளவுக்கு இல்லை, ஆகவே கூடுதலும் அதற்கேற்பக் குறையும். இருந்தாலும் எலும்புக்கென்று எடுக்கும் மருந்தில் இப்படி ஒரு வரி இருப்பது எனக்கு உறுத்துகிறது. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: வுமன்ஸ் ஹெல்த் ஆய்வில் இருந்தவர்களை 18 வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. இது விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இலும் பழைய முடிவையே உறுதி செய்தது: நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்கென்று இதை எடுக்காதீர்கள். எஃப்.டி.ஏ. எச்சரிக்கையை எடுத்ததால், தேவையானவர் பயப்படாமல் எடுக்கலாம். தேவையில்லாதவருக்குத் தேவை வந்துவிடாது. பெருந்துறை அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எம் புள்ளைகிட்ட நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினார்.

இனி எலும்பு. ஹார்மோனுக்கு உண்மையிலேயே வாதாட இடம் இருப்பது இங்கேதான். நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில் எலும்பு அடர்த்தி மளமளவென்று குறையும், சிலருக்கு 20 சதவீதம் வரைகூட. ஈஸ்ட்ரோஜன் அதைத் தடுக்கும், இடுப்பு எலும்பு முறிவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். இதில் சந்தேகம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், மருந்தை நிறுத்தியதும் தேய்மானம் மறுபடி தொடங்கிவிடும். இடுப்பு எலும்பு பெரும்பாலும் முறிவது எழுபதுக்கு மேல். ஐம்பதில் ஆரம்பித்து ஐம்பத்தைந்தில் நிறுத்தினால் எழுபத்தைந்தில் அதிலிருந்து எவ்வளவு மிஞ்சும்? எழுபத்தைந்து வரைக்கும் எடுக்கலாம் என்றால் மேலே சொன்ன ஆபத்துகள் எல்லாம் வயதோடு சேர்ந்து ஏறும்.

அதனால் எலும்புக்கு எலும்பு மருந்துதான் என் தேர்வு, அதுவும் டெக்ஸாவில் தேவை என்று வந்தால் மட்டும். டெக்ஸாவில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1க்கும் 2.5க்கும் நடுவில் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். அங்கே வந்துவிட்டால் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் வாரம் ஒரு மாத்திரை. விலை அதிகமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். காலையில் எழுந்ததும் காபி குடிக்காமல் எந்த வேலையும் ஓடாத நம் ஊரில் இந்த அரை மணி பெரிய தவம். முடியாதவருக்கு வருடம் ஒரு முறை ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப் இருக்கிறது. முதல் முறை ஏற்றிய பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், பல் பிடுங்குகிற வேலை இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகப் போடும் டெனோசுமாப் நல்ல மருந்துதான், ஆனால் திடீரென்று விட்டால் முதுகெலும்பு பல இடத்தில் நொறுங்கும் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் விடாமல் வரமாட்டார் என்று தோன்றுபவருக்கு அது சரிப்படாது.

விதிவிலக்கு ஒன்று. ஐம்பதை ஒட்டிய வயது, நின்று சில வருடம்தான், டெக்ஸாவில் மைனஸ் 2 பக்கம் வந்துவிட்டது, அம்மாவுக்கு இடுப்பு முறிந்த கதையும் உண்டு, எலும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஹார்மோனை டாக்டர் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருடத்துக்குள் இருக்கும், எலும்பு தேயும் ஆபத்து கூடிய பெண்களுக்கு லாபம் ஆபத்தைவிடக் கூடுதல் என்று அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2022 அறிக்கையும் சொல்கிறது.

"எங்க ஆத்தா எந்த மாத்தரையும் போடல, எம்பது வரைக்கும் தோட்டத்துல களை வெட்டுச்சு" என்று ஒரு வாதம் வரும். சரி, அந்த ஆத்தாவின் முதுகு கடைசிக் காலத்தில் எப்படி இருந்தது? கூன் விழுந்து, கொசுவம் தரையில் புரள, உயரம் ஒரு சாண் குறைந்துபோன ஆத்தாக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அதில் பல, வலிகூடப் பெரிதாகத் தெரியாமல் முதுகெலும்பு நசுங்கியதாக இருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், ஆனால் அதற்கும் விலை உண்டு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 350 இருக்கிறது. கால் லிட்டர் பாலில் 300. கொள்ளுப் பருப்பும் முருங்கைக் கீரையும் நன்றாகவே தரும். கம்பில் இரும்புச் சத்து உண்டு, கால்சியம் சொற்பம், எனவே கம்மங்கூழை ராகிக் களிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்பார்கள். விடிந்ததும் பனியன் கம்பெனிக்குள் போய் இருட்டியதும் வெளியே வருபவருக்கு வெயில் எங்கே படுகிறது? ஆனால் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், அதே பழைய சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வைட்டமின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதயத்துக்குப் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது ஹார்மோனைவிடப் பல மடங்கு உறுதியான வழி. பிரஷர் மாத்திரையை நாள்விட்டு நாள் போட்டுக்கொண்டு ஹார்மோன் கேட்பவரிடம் நான் முதலில் பிரஷர் கருவியைத்தான் எடுப்பேன். ஹார்மோன் மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 65க்கு மேல் கூட்டு மாத்திரை ஆரம்பித்தவர்களிடம் அந்த நோய் இரண்டு மடங்கானது. தோல் பளபளக்கும் என்பதற்காக எடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

"தொந்தரவு இல்லை" என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் பெண்களுக்கு எதையும் தொந்தரவு என்று சொல்லும் பழக்கமே கிடையாது. கொஞ்சம் தோண்டினால் வரும்: "மூத்திரக் கடுப்பு மட்டும் மாசத்துக்கு ஒருக்கா வந்துருதுங்க, மத்தபடி ஒண்ணுமில்லீங்க." "தும்முனா துணி நனைஞ்சுருது, அது வயசானா இருக்கறதுதானுங்களே." வீட்டுக்காரரோடு சேர்வதில் வலி என்பதைக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஜெல் வகை எதையாவது காட்டி, "இது இருக்குதுங்களா?" என்று கேட்பதோடு சரி. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பும் சிறுநீர்ப் பாதையும் வறண்டுபோவதே இவற்றில் பலவற்றுக்குக் காரணம். இதற்கு முழு உடம்புக்கும் போகும் மாத்திரை தேவையில்லை. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, கர்ப்பப்பை இருந்தாலும் பொதுவாகப் புரோஜெஸ்டிரான் சேர்க்க வேண்டியதில்லை. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் குறையும். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

இப்போது மருந்து வேண்டியவர்கள் பக்கம். தாராபுரம் பக்கத்திலிருந்து என் நங்கையாவின் தங்கை வந்திருந்தார். வயது 43. ஐந்து வருடத்துக்கு முன் அதிக உதிரப்போக்கு என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். "எனக்கு எல்லாம் எடுத்தாச்சு, நிம்மதி, ஒரு தொல்லையும் இல்ல" என்பார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொன்னேன். பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார். ஆபரேஷன் பெயர் இருந்த வரியில் கர்ப்பப்பையோடு இரண்டு பக்கச் சினைக்குழாயும் சினைப்பையும் எடுத்ததாக எழுதியிருந்தது. அவருக்கு அது தெரியாது. சொன்னார்களா, சொல்லியும் மனதில் நிற்கவில்லையா என்று இப்போது கேட்டுப் பயனில்லை. 38 வயதிலிருந்து உடம்பில் ஈஸ்ட்ரோஜன் அநேகமாக இல்லை.

இவருக்குக் கணக்கே வேறு. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் சேர்ந்தவை, இவருக்குப் பொருந்தாது. ஐம்பது வரை இயற்கையாகச் சுரக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் இங்கே சிகிச்சை. 45க்கு முன் இரண்டு சினைப்பையையும் இழந்து ஈஸ்ட்ரோஜனும் எடுக்காத பெண்கள் இதய நோயால் இறப்பது கூடுதல் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பும் பத்து, பன்னிரண்டு வருடம் முன்கூட்டியே தேயத் தொடங்கிவிடும். குறைந்தது இயல்பாக நிற்கும் வயது வரை, அதாவது ஐம்பதை ஒட்டி, எடுக்கச் சொல்வதுதான் இன்றைய நடைமுறை. கர்ப்பப்பையும் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், மார்பகத்துக்கு ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவு. நாற்பத்தைந்துக்கு முன் தானாகவே நின்றவருக்கும் இதே நியாயம்தான். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் மட்டும் கதை மாறும்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தவர்கள் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். மாதவிடாய் வராததால் எப்போது நின்றது என்று அவர்களுக்கே தெரியாது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நிற்கவும் கூடும். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், சினைப்பை ஓய்ந்துவிட்டதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

எடுப்பது என்று முடிவானால், வாய்வழி மாத்திரையைவிடக் கையிலோ தொடையிலோ தடவும் எஸ்ட்ராடியோல் ஜெல்லை முதலில் கேளுங்கள். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும், ஜெல்லில் அது இல்லை. எடை கூடியவருக்கும் பிரஷர் உள்ளவருக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். தடவிய இடம் காயும் முன் பேரக்குழந்தையைத் தூக்க வேண்டாம், மருந்து ஒட்டிக்கொள்ளும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஆரம்பித்து மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை பிரஷர், மார்பகப் பரிசோதனையோடு பார்க்க வேண்டும். யாரோ எழுதிய பழைய சீட்டை வைத்து ஓட்டக் கூடாது. ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டால், "சூடு புடிச்சுருக்கும்" என்று வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்துக்கொண்டு இருக்காமல், அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.